பணிப்பெண் – 2

கானாடுகாத்தானில் நாள் வாடகைக்கு எடுத்த வீடு.
வளவில் காட்சி நாற்பத்தேழு.
வீட்டை விற்பதா வேண்டாமா என்று
தாயும் மகனும் மோதுகிறார்கள்.
பணிப்பெண் – 2 காபித் தட்டோடு வருகிறாள்,
வைக்கிறாள், போகிறாள்.
திரைக்கதையில் அவளுக்கு ஒன்றரை வரி.

எனக்குத் தொடர்ச்சி பார்க்கும் வேலை.
டம்ளர் எந்தக் கையில் இருந்தது,
முந்தானை எந்தத் தோளில்,
சுவர்க் கடிகாரம் எத்தனை மணி காட்டியது.
அதற்கு முன் காரைக்குடியில் நான்கு வருஷம்
நாடக மாந்தரின் செயல்நிலைகள் என்று எழுதி
மூன்றாம் இயலோடு நிறுத்தியவள்.
இயக்குநர் என்னை டாக்டர் என்பார், பாதி கேலி.
ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு பக்கம் கேட்டார்.

எழுதினேன்.
மகன்: தந்தை இல்லாத இடத்தை விலை பேசுகிறவன்.
தாய்: சாவிக்கொத்துதான் அவள்;
அது இடுப்பை விட்டு இறங்கும்போது கதை முடியும்.
வீடும் ஒரு மாந்தர் என்று
அதற்கே ஒன்றரைப் பக்கம்.
பணிப்பெண் – 2:
தட்டையான பாத்திரம். செயல், கொண்டுவருதல்.

நாற்காலியில் கிடந்த தாளை
அவளே எடுத்துப் படித்துவிட்டாள்.
வள்ளிக்கண்ணு. பள்ளத்தூர்.
நாளுக்கு அறுநூறு, மதியம் தக்காளி சாதம்.

“தட்டைன்னா?”

ஒரு வரியில் சொல்லி முடித்துவிடக் கூடியவர்கள் தட்டை,
நம்மைத் திகைக்க வைப்பவர்கள் உருண்டை என்றேன்.

“தட்டு தட்டையாத்தானே இருக்கணும்?
உருண்டையா இருந்தா காபி நிக்குமா?”

வெளிச்சத்துக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு மேகம் நகராமல் அரைமணி நேரம்.

“நான் ரெண்டுன்னா, ஒன்னு எவ?”

மூன்றாவது திருத்தத்தில் எடுத்துவிட்டோம்.
ஒரே செயலை இருவர் செய்தால் ஒருவர் மிகை.

“செத்துட்டாளா?”

இல்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

“அப்ப அவ வேலைய யாரு பாக்குறா?”
விரல் மடக்கி அவளே கூட்டினாள்:
“ஆயிரத்திருநூறு.”

இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள் போட்டிருந்தேன்.
ஒன்றிலும் இந்தக் கணக்கு இல்லை.

ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.
மாந்தர் என்பது தாளில் உள்ள சொற்கள்தான், சொன்னேன்,
கதவைத் தாண்டினால் அவர்களுக்கு முதுகுகூடக் கிடையாது.
காபியை எங்கே போட்டாள் என்று கேட்கக் கூடாது.
அகப்பாட்டில் தோழிக்குப் பெயர் உண்டா?
தூது போனாள், காவல் நின்றாள், பொய் சொன்னாள்.
அவள் கல்யாணம் என்ன ஆச்சு என்று
யார் கேட்டார்கள்?

“கேட்டா என்னங்குறேன்.”

மேகம் விலகியது.

முதல் டேக்கில் மகன் வசனம் மறந்தார்.
இரண்டாவதில் ஒரு புறா.
மூன்றாவதில் வந்தாள், வைத்தாள்,
‘நாளைக்கே பத்திரம்’ என்ற சொல்லில்
அரை நொடி அவள் கை தட்டின் விளிம்பிலேயே இருந்தது.
போனாள்.
தாய் அழத் தொடங்கினாள்.
சட்டத்துக்கு வெளியே, நிலைக்கதவுக்குப் பின்னால்,
யாரோ காபி ஆற்றும் சத்தம்.
உயரத்திலிருந்து, நீளமாக, அவசரமில்லாமல்.
டம்ளர் கல்லில் உட்காரும் ஓசை.
மறுபடி ஆற்றல். மறுபடி ஓர் ஓசை.

இயக்குநர் கட் என்று வாயெடுத்தார்.
ஒலிப்பதிவாளர் காதுப்பொறியைக் கழற்றாமலே
கையை உயர்த்தினார்: பொறுங்கள்.

பொறுத்தோம்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு
தொடர்ச்சித் தாளோடு அந்தப் பக்கம் போய்ப் பார்த்து
எழுதினேன்:

காட்சி நாற்பத்தேழு. கதவுக்குப் பின்புறம், படி மேல்
டம்ளர் இரண்டு.
ஒன்று காலி.
மற்றது நிறைய, குடிக்காமல், ஆடை படிந்து.
அடுத்த ஷாட் வரைக்கும்
யாரும் நகர்த்தக் கூடாது.