விரலின் ஓரம்

சோனங்குப்பத்தில் நாற்பத்திரண்டு வீடு,
சிங்காரத்தோப்பில் பத்தொன்பது.
தோள்பையோடு ஏறி இறங்கி வந்து
சோறு போடும்போது ஒப்பிப்பாள்:
இன்ஜின் மெக்கானிக் தணிகாசலத்துக்கு இருநூற்றுப் பத்து,
கருவாட்டுக்கார அமலோற்பவம் முந்நூறைத் தாண்டிவிட்டாள்,
திட்டித் தீர்த்துத்தான் மாத்திரை கொடுத்தேன்.

ஜெயக்கொடி, உனக்கு எவ்வளவு?
என்றால் மட்டும்
குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள்.

நான் கடலூர் – சிதம்பரம் தடத்தில்
இருபத்தாறு வருஷம் தலை எண்ணியவன்.
ஆலப்பாக்கம் வருவதற்குள்
டிக்கெட் எடுக்காதவன் முதுகு தெரிந்துவிடும்.
அட்டையை எடுத்து எண்ணினேன்.
பதினைந்தில் பதினொன்று அப்படியே.
குப்பைக்கூடையில்
பலாப்பால் ஒட்டிய பண்ருட்டிச் செய்தித்தாள்.
கேட்டேன்.
"என் ஒடம்புல எதுக்குய்யா விசில் ஊதுற?
பஸ்ஸவிட்டு எறங்கி நாலு வருஷமாச்சு."

அதன்பின் ஒரு மாதம்
வீட்டில் சர்க்கரை என்ற சொல்லே இல்லை.
டீயில் மட்டும் இருந்தது.

மகன் ஓசூரிலிருந்து அனுப்பிய மிஷின்
டிவிக்குப் பின்னால், பெட்டி பிரிக்காமல்.
அதன்மேல் கரண்ட் பில் அட்டை,
அதன்மேல் அவளுடைய சேஃப்டி பின்கள்.

அவள் அம்மாவுக்கு
பெரியாஸ்பத்திரியில் முதலில் விரல்,
பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே.
தினமும் கட்டுப் பிரித்து மருந்து வைத்தது இவள்தான்.
அதைப் பற்றி அவள் பேசியதில்லை.
எண் தெரிந்தால்தான் தொடங்கும்
என்று நினைக்கிறாளோ என்னவோ.
இது நானாக வைத்துக்கொண்ட பதில்.

அவள் குறட்டை பிடித்ததும்
செல்போன் வெளிச்சத்தில் பாதம் பார்ப்பேன்.
விரலிடுக்கு, நகக்கண், குதிகால்.
திருடன் மாதிரி.

ஆடியில் ஒரு ராத்திரி
இடது குதிகாலில் சிப்பிச் சில்லு,
பாதி உள்ளே போயிருந்தது.
சுற்றிலும் ரத்தம் காய்ந்து செருப்பு வார் நிறம்.
பிடித்து இழுத்தேன்.
கால் அசையவில்லை.
நிமிர்ந்தால் கண் திறந்திருக்கிறது,
மின்விசிறியைப் பார்த்தபடி.
"வலிச்சுதா?"
"இல்ல."
அந்த 'இல்ல'வை
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.
துறைமுகத்துப் பக்கம்
ஒரு ஐஸ் லாரி பின்னால் போகும் சத்தம்.

கட்டுப் போட்டேன்.
அதை அவிழ்த்து அவளே சரியாகப் போட்டுக்கொண்டாள்.

விடிந்ததும் டிவிக்குப் பின்னால் கைவிட்டேன்.
பின்களைக் கொட்டி, பெட்டியைப் பிரித்து,
பொடி எழுத்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்து
என் ஆள்காட்டி விரல் நுனியில் குத்தினேன்.
ஒரு சொட்டு வரவில்லை.
இன்னொரு தரம். ஐயோ என்றேன்.

"நுனியிலயா குத்துவாங்க?
நரம்பெல்லாம் அங்கதான் இருக்கு. ஓரத்துல குத்தணும்."
கையைப் பிடுங்கிக்கொண்டாள்.
நாற்பத்திரண்டு வீடு கேட்கும் குரல்,
எங்கள் வீடு கேட்டதில்லை.

நூற்றுப் பதினொன்று.
வெறும் வயிற்றுக்கு இது ஜாஸ்தி என்று
என்னைத் திட்ட ஆரம்பித்தாள்,
முறுக்கிலிருந்து பீடி வரை.
எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

பிறகு டப்பாவைத் திருப்பித் தேதி பார்த்தாள்.
"அடுத்த மாசத்தோட முடியுது.
நாப்பத்தொம்பது ஸ்டிரிப்பு வீணா?"
நான் வாயைத் திறக்கவில்லை.
படியில் தொங்குகிறவனை உள்ளே வா என்றால்
இன்னும் ஒரு படி இறங்கி நிற்பான்.

ஊசியை மாற்றினாள்.
"அந்தப் பக்கம் திரும்பு."
திரும்பினேன்.
க்ளிக்.

எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை.
அன்று அவள் வேலைக்குப் போன பிறகு
டீ டம்ளரைச் சாய்த்துப் பார்த்தேன்.
அடியில் சர்க்கரை படிந்திருந்தது.
நேற்றைவிடக் குறைவு போலத்தான் இருந்தது.
எண்ணவில்லை.