நட்சத்திரத் தலைத் திருகு

விசைப்படகில் பொருத்திய பெட்டியைக் கழற்றிவந்து
என் மேசையில் வைத்தான் கெனிஸ்டன்.
"தாண்டவே இல்லண்ணே.
தாண்டுனேன்னு சொல்லுது."

திருகுகளுக்கு நட்சத்திரத் தலை.
பிரித்தால் வாரண்டி போச்சென்று
மிரட்டுகிறது ஸ்டிக்கர்.

பாம்பனில் கரண்ட் இல்லை.
லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினி
பேட்டரியில் மூச்சு வாங்குகிறது.
அதன் நிரல் முழுக்க நான் படித்ததில்லை;
பொய் சொல்ல மாட்டேன்.
படிக்கலாம் என்பதுதான் பேச்சு.

இதில் அதற்கும் வழியில்லை.
கடலில் கோடு போட்டவர்கள்
கோடு எங்கே என்று சொல்லும் வாய்க்கும்
பூட்டுப் போட்டார்கள்.
ஜெயில் மட்டும் திறந்த மூலம்,
யார் வேண்டுமானாலும் போகலாம்.

"தொறந்து பாப்பமா?"
ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறேன்.
மேசையில் இருந்தபடியே
பெட்டி சிவந்து கூவுகிறது:
எல்லை தாண்டிவிட்டீர்கள்.

கெனிஸ்டன் சிரிக்கவில்லை.
நாளைக்கு டோக்கன் நாள்.