மூன்று நிமிடக் கணக்கு

தை பன்னிரண்டு. கூத்தாநல்லூருக்குக் கிழக்கே
பாதி அறுத்த வயலில்
செயின் வண்டி கரும்புகை கக்கி நின்றுவிட்டது.
விசில் சத்தம் ஊளையாகி, பிறகு அதுவும் இல்லை என்றான்
ஆத்தூரிலிருந்து வண்டியோடு வந்த பெரியண்ணன்.

காற்றுக் குழாயைக் கழற்றி
டர்போவின் மூக்கில் விரலை விட்டு ஆட்டினேன்.
ஆடியது.
ஆடக் கூடாது.

"எஞ்சின்தான் ஓடுதே, நூருல் அமீன்?"
மூன்று ஏக்கர் குத்தகைக்காரி திலகவதி.
ஒரு கண் என்மேல், ஒரு கண் கோடியக்கரைப் பக்கத்து மேகத்தில்.

ஓடும் அக்கா. மூச்சு பத்தாது.
டீசலை எவ்வளவும் ஊற்றலாம்,
எரியக் காற்று வேண்டும்.
எஞ்சின் தானாக இழுக்கும் காற்று
சேற்றில் செயினை உருட்டவும்
ஈரத் தாளைக் கதிரோடு விழுங்கவும் காணாது.
அதனால் எரிந்து முடித்துப் போகும் புகையை
சும்மா போகவிடுவதில்லை.
அதில் இன்னும் சூடு இருக்கிறது, வேகம் இருக்கிறது.
போகிற வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போ என்கிறோம்.
அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம்
வெளிக்காற்றை அள்ளி, அமுக்கி, உள்ளே திணிக்கும்.
புகையும் காற்றும் முகம் பார்ப்பதே இல்லை.
நடுவில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு தண்டு,
நிமிடத்துக்கு லட்சம் சுற்று.

அவள் வரப்புக்கு அப்பால் கை காட்டினாள்.
"மேல வயலு வடிகாலுதான் எனக்கு வாய்க்கா.
அவுங்க வேண்டாமுன்னு விட்ட தண்ணியில
வெளஞ்சதுதான் இது."

சரிதான், கொஞ்சம் இடிக்கிறது.
உங்கள் நெல்லில் ஒரு மணி மேல வயலுக்குத் திரும்பாது.
இங்கே புகை சுற்றிவிட்டது
காற்றாக எஞ்சினுக்கே வந்து சேர்கிறது,
இன்னும் புகையாக.

தண்டைக் காட்டினேன். கீறல். அதன்மேல்
அடிப்பிடித்த பால்சட்டி போல் கருகிய எண்ணெய்.
இது எதிலும் உரசாமல்
எண்ணெயில் மிதந்தபடி சுற்ற வேண்டியது.
சாவியைத் திருகினால் எண்ணெய் உடனே நிற்கும்,
சக்கரம் உடனே நிற்காது.
அறுத்த சூட்டோடு அணைத்தாயா?

பெரியண்ணன் மீட்டரைப் பார்த்தான்.
"மணிக்கு ரெண்டாயிரத்து நானூறு.
சும்மா ஓடுற மூணு நிமிஷத்த
வயல்காரங்க குடுப்பாங்களா, மொதலாளி குடுப்பாரா?"

நூற்றிருபது ரூபாய்.
மூவரும் மனதுக்குள் போட்டோம்.
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தஞ்சாவூரிலிருந்து உதிரி பஸ்ஸில் வரும்போது
ஏழு மணி. செல்போன் வெளிச்சத்தில் மாட்டினேன்.
எண்ணெய்த் துளையில் கையாலேயே ஊற்றி
சக்கரத்தை விரலால் உருட்டினேன்.
பிறகுதான் சாவி.

மிதித்தான். ஒன்றுமில்லை.
திலகவதி என்னைப் பார்த்தாள்.
பொறுங்கள்,
முதலில் புகை பிறக்க வேண்டும்,
அது போய்ச் சக்கரத்தைத் தொட வேண்டும்.
ஒரு மூச்சு தாமதம்,
பிறகு அந்த விசில்,
மெல்லியதாக ஏறி, ஏறி, இருட்டில் நின்றது.
செயின் சேற்றைக் கவ்வியது.

பதினொன்றரைக்குக் கடைசிச் சால்.
டிப்பரில் நெல், நெல்லின்மேல் தார்ப்பாய்.
பெரியண்ணனின் கை பழக்கத்தில் சாவிக்குப் போய்
பாதியில் நின்றது.

ஓடட்டும் என்று யாரும் சொல்லவில்லை.
ஓடியது.
விசில் படிப்படியாக இறங்க
மூன்று பேரும் வயலில் நின்று கேட்டோம்.
இரண்டாவது நிமிடத்தில் முதல் சொட்டு
புகைக்குழாயில் விழுந்து சுர்ரென்றது.

அந்த நூற்றிருபது யார் கணக்கு என்பதை
இன்னும் பேசி முடிக்கவில்லை.