பெருக்கல் குறி

வெஸ்னாவில் மரங்கள் எல்லாம்
கிழக்கே சாய்ந்திருக்கும்.
காற்று மேற்கிலிருந்து வருகிறது,
வேறு காரணம் இல்லை.
எந்தப் பக்கம் சாய்கிற ஊர் என்று
ரெஜைனாவிலிருந்து வந்த நிருபன் கேட்டபோது
இதைத்தான் சொன்னேன்.
அவன் எழுதிக்கொள்ளவில்லை.

கர்லிங் அரங்கின் பின்னறை.
ஓர் அட்டைப் பெட்டி,
சணலில் கட்டிய இரண்டு பென்சில்.
நான் லெஸ்யா கோத்திக்,
விதைக்கடையில் கணக்கெழுதுகிறவள்.
நான்கு வருடத்துக்கு ஒருநாள்
அரசாங்கம்.

பட்டியலில் எண்பத்தொரு பெயர்.
ஒரு காலத்தில் அத்தனையும் ஆரஞ்சு.
பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.
தானியக் கோபுரத்தை இடித்தார்கள்.
பிரசவ வார்டைப் பூட்டினார்கள்;
ஜோனி யகிம்சுக் லாரியில் பிறந்தான்.
பூட்டியது யார் என்பதில்
ஊரில் இரண்டு கதை உண்டு,
கோபம் ஒன்றுதான்.
ஆளி பூத்த வயல்போல
ஒரே காலையில் நீலமானோம்.

ஒன்றைத் தவிர.

எண்ணும்போதெல்லாம் ஒரே ஓர் ஆரஞ்சு.
ஓரெஸ்ட், என்றது ஊர்.
வேறு யார்?
ஒண்டிக்கட்டை. பனித்தளத்துக்கு நீர் தெளிப்பவர்.
செத்துப்போன சங்கத்தின் அட்டையை
இன்னும் பர்ஸில் வைத்திருப்பவர்.
அவர் காப்பிக் கோப்பையில்
ஆரஞ்சுத் தோலைப் போட்டுச் சிரித்தார்கள்.
எடுத்து மென்றுவிட்டு
இன்னொரு காப்பி கேட்டார்.
அவர் கொட்டகை எரிந்த இரவு
நீலம் மொத்தமும் ஓடிவந்து தண்ணீர் சுமந்தது.
அது வேறு கணக்கு.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
ஓட்டுப் போட வந்தவர் பெயரை
அளவுகோல் வைத்து அடிக்கிறவள் நான்.
மூன்று தேர்தலாக
அவர் பெயர்மேல் கோடு விழவில்லை.
அரங்குக்கு வருவார், பனியைச் சீவுவார்,
என் மேசைவரை வரமாட்டார்.
சீட்டு வேண்டாமா ஓரெஸ்ட் என்றேன் ஒருமுறை.
‘நான் போட்டாச்சு என்றுதானே
ஊர் சொல்கிறது.
இரண்டு தரம் போட்டால் குற்றம் அம்மா.’

மார்ச்சில் இறந்தார்.
மண் உறைந்து கிடந்ததால்
மே மாதம் புதைத்தோம்.

இந்த முறை ஒருமனதாக வரும் என்று
கார்னெட் டேவ்ஸ்
ஒரு பெட்டி பீர் பந்தயம் கட்டியிருந்தான்.
எட்டு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
நீலம். நீலம்.
நீலம் நாற்பதைத் தாண்டியபின்
ஆரஞ்சு.
யாரோ இருமினார்கள்.
நீலம் ஒன்பது,
பிறகு ஆரஞ்சு,
ஒட்டிக்கொண்டாற்போல் இன்னோர் ஆரஞ்சு.

எழுபத்தொன்று. மூன்று.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அவரவர் பூட்ஸ் அவரவர்க்கு
அவ்வளவு சுவாரசியமாக இருந்தது.
பழிபோட ஆள் இல்லாத ஊர்
எப்படி இருக்கும் என்று
அன்றுதான் பார்த்தேன்.

கடன் சீட்டில் கையெழுத்து வாங்கி வாங்கி
என் கண் கெட்டுப்போயிருக்கிறது.
ஒரு குறி, தாள் கிழிகிற அழுத்தம்.
ஒன்று, இடக்கைச் சாய்வு.
மூன்றாவதன் ஒரு கால் நீண்டு
கட்டத்துக்கு வெளியே எட்டிப்பார்க்கிறது.
தெரியும். சொல்ல மாட்டேன்,
சத்தியம் செய்திருக்கிறேன்.
அதில் ஒன்று என்னுடையதா என்றும்
கேட்காதீர்கள்.

பெட்டிக்கு சீல் வைத்து,
முன் சீட்டில் உட்காரவைத்து,
பெல்ட் மாட்டினேன்.
தொண்ணூறு கிலோமீட்டர், பொடிப்பனி.
எண்ணிக்கையை போனில் சொல்லப் பார்த்தேன்,
சிக்னல் இல்லை.
பாதி வழியில் ரேடியோ அறிவித்தது:
கிழக்கே எண்ணி முடித்தாயிற்றாம்,
யார் ஆள்வது என்று
முடிவாகிவிட்டதாம்.

அணைத்தேன்.
வளைவில் ஒரு மான், விளக்கில் திகைத்து.
பிரேக்கை மிதித்தேன்.
பெட்டி
முன்னால் சாய்ந்தது,
பெல்ட் இழுத்துப் பிடிக்க
மறுபடி நேராக உட்கார்ந்தது.
மான் அவசரமில்லாமல்
சாலையைக் கடந்து போயிற்று.