பொருந்தாது

ஷார்ஜா, தொழிற்பேட்டை பதிமூன்று.
மொட்டைமாடிச் சில்லருக்குப் பக்கத்தில்
ராத்திரி கைபேசியை வைத்துவிட்டு வந்தேன்.
நான்கு மணி நேரம். மிச்சம் வைத்தது பதினோரு நிமிடம்.

"பல்லவி எங்கேடா?" என்றான் மக்தூம்,
ஒற்றை இயர்போனைத் திருப்பித் தந்தபடி.
கொஞ்சம் பொறு என்றேன்.
ஏழாவது நிமிடத்தில் கம்ப்ரஸர் நின்றுபோகும்,
கீழே எவனோ வாளியை ஓங்கி வைப்பான்,
அப்புறம் ஓர் இருமல்.
"அது நான்தானே? வீட்டுக்குப் பேச மேலே வந்தேனே?"
ஆமாம். வெட்டவில்லை.
வெட்டப் போய் மூன்று முறை விரலை எடுத்துக்கொண்டேன்.
அந்த மூன்று முறையைத்தான்
எழுதினேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

காட்சிக்கூடத்துப் படிவத்தில்
தலைப்பு, நீளம், இயற்றியவர்.
பேரிங் மாற்றிய செலஸ்டினைப் போடலாமா,
ஆகஸ்ட் மாதத்தைப் போடலாமா?
மேசைக்குப் பின்னால் இருந்த பெண் காத்திருந்தாள்.
"வரிகள் உண்டா?"
இல்லை.
"மெட்டு?"
ஐம்பது ஹெர்ட்ஸ். அதற்கும் கொஞ்சம் கீழே.
கட்டத்துக்குள் தட்டினாள்: பொருந்தாது.

திரும்பும் பேருந்தில் மறுபடி கேட்டேன்.
இருமலுக்கு முன்
அவன் மூச்சை உள்ளிழுக்கும் இடத்தில்
அரை நொடி அதிகம்.