ரசீது எண் 48

தக்காளிக்கு விலை இருக்கிறது.
ராயக்கோட்டை மண்டியில் காலை ஏழு மணிக்குப்
பெட்டி முந்நூற்று இருபது,
ஒன்பதரைக்கு இருநூற்றுப் பத்து.
சில நாள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள்,
அதுவும் ஒரு விலைதான்.
யாரோ கூவுகிறார், யாரோ தலையாட்டுகிறார்.

என் படத்துக்கு யார் கூவுவது?

ஓசூரில் வாங்கிய பழைய கேமரா, முப்பத்தோராயிரம்.
குழுக் கடன் பாதி, கம்மல் மீதி.
லென்ஸுக்குள் ஒரு பூஞ்சைப் புள்ளி.
பகலில் தெரியாது என்றார் விற்றவர்.

நோட்டில் விலைப்பட்டியல் எழுதினேன்.
காதுகுத்து நாலாயிரம்.
அடித்து, மூவாயிரத்து ஐந்நூறு.
மஞ்சள் நீராட்டு, ஆல்பத்தோடு எட்டாயிரம்.
அடித்து, ஆல்பம் இல்லாமல் ஆறு.
கல்யாணம் என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதவில்லை.
பெட்ரோல், மெமரி கார்டு,
செவ்வாய்தோறும் தவணை அறுநூற்று நாற்பது,
எல்லாம் கூட்டினால் நாலாயிரம் கேட்டே ஆகவேண்டும்.
கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன்.
"நாலாயிரம்ங்க" என்றுதான் வந்தது.
அந்த "ங்க"விலேயே ஐந்நூறு உதிர்ந்துவிட்டது.

அதுவரை எடுத்ததெல்லாம்
சித்தி மகள் வளைகாப்பு: இருந்து சாப்பிட்டுட்டுப் போ.
பள்ளி ஆண்டுவிழா: உனக்கும் கை பழகும்.
கட்சிக்காரர் பிறந்தநாள்: பேனர்ல பேர் போடுறோம்.
போட்டார்கள்.
இப்போது அந்தப் பேனர் ஓர் ஆட்டுப்பட்டிக்குக் கூரை.
என் பேர் உள்பக்கம், ஆடுகளுக்குத் தெரியும்படி.

முதல் அழைப்பு ஞாயிறு காலை ஆறேகாலுக்கு.
"போட்டோக்காரம்மாவா?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
திம்மனஅள்ளி முனிரத்தினம் பேசினார்.
"மாடு செத்துடுச்சும்மா. இன்சூரன்சுக்குப் படம் வேணும்.
காதுல வில்லை நம்பர் தெரியணுமாம்.
போன்ல எடுத்தது கலங்கலா இருக்குன்னு திருப்பிட்டாங்க.
எவ்வளவு ஆகும்?"

நோட்டில் செத்த மாடு இல்லை.

நாலாம் ஈத்து ஜெர்சி.
காலைக்கு மட்டும் ஒன்பது லிட்டர் என்றார்,
கறக்கிறது என்றே சொன்னார், கறந்தது என்றல்ல.
அவர் மனைவி முந்தானையால் ஈ ஓட்டினார்,
நான் பொத்தானை அழுத்தும்போது மட்டும் விலகி,
திரும்ப வந்து ஓட்டினார்.
மஞ்சள் வில்லையில் சாணம் காய்ந்திருந்தது.
என் துப்பட்டாவை நனைத்துத் துடைத்தேன்,
பன்னிரண்டு இலக்கங்கள்.
மண்ணில் படுத்து எடுத்தேன்.
ராகிப் போருக்குப் பின்னாலிருந்து எழுந்த வெயில்
கொம்பின் நுனியில் வந்து நின்றது.
சொல்லக் கூடாது, நல்ல வெளிச்சம்.

பணம் வேண்டாம் என்றேன்.
முனிரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது.
"சும்மா எடுத்ததுன்னா எவன் நம்புவான்? பில்லு போடு.
டாக்டர் வாங்கிட்டாரு. குழி தோண்ட வந்தவன் வாங்கப்போறான்.
உனக்கு மட்டும் என்ன?"
குழி தோண்ட வந்த ஜேசிபிக்காரன்
வண்டியை விட்டு இறங்காமலே சொல்லியிருந்தான்:
மணிக்கு ஆயிரத்து முந்நூறு, வந்துபோறது தனி.
அதில் "ங்க" இல்லை.

அறுநூறு என்றேன்.
யார் குரல் அது என்று எனக்கே தெரியவில்லை.
ஐந்நூறு கொடுத்தார், மீதி இன்சூரன்ஸ் வந்ததும்.

படத்துக்கு நாலு பிரிண்ட் போட்ட கடையிலேயே
முப்பத்தைந்து ரூபாய்க்கு ரசீதுப் புத்தகம்.
முதல் தாளில் 001.
ஒன்றாம் நம்பர் ரசீதைப் பார்த்தால்
கம்பெனிக்காரர் சந்தேகப்படுவார்,
என்னைக்கூட அல்ல, மாட்டை.
நாற்பத்தேழு தாள்களைத் தள்ளி
நாற்பத்தெட்டில் எழுதிக் கிழித்தேன்.

ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.
சாப்பாட்டுக்கும் பழக்கத்துக்கும் பேனருக்கும் எடுத்தது முப்பத்தொன்று.
ஆக, பொய் பதினாறுதான்.

நூறு ரூபாய் இன்னும் வரவில்லை.
போன் போட எடுப்பேன், வைத்துவிடுவேன்.
நோட்டில் மட்டும்,
கல்யாணத்துக்கு எதிரே விட்ட வெற்றிடத்துக்குக் கீழே
எழுதி வைத்திருக்கிறேன்:
செத்த மாடு, அறுநூறு.

அதை இன்னும் அடிக்கவில்லை.