சுவருக்குத் திரும்பும் பக்கம்

வயிற்றைக் கீறாமல் கொண்டுவாருங்கள் என்று
தொலைபேசியில் இரண்டு தரம் சொன்னேன்.
தரையில் இழுக்க வேண்டாம், தோல் உரியும்.
நனைத்த துவாயால் சுற்றுங்கள்.
அலகைத் தனியாக, உடைந்த கைக்குக் கட்டுவதுபோல.
முதுகுப் பாயை விரித்துப் பார்க்க ஆசை வரும்,
விரிக்காதீர்கள்.
'சரி மிஸ், சரி மிஸ்' என்றார் கொர்னேலியஸ்.

ஓட்டோவில் வந்தது தளபத்து.
ஒரு பக்கம் அலகு, மறு பக்கம் வால்,
நடுவில் அவர், மடி முழுக்க மீன்.
முகத்துவாரச் சந்தியில் பொலிஸ்காரரே
வழிவிட்டுச் சிரித்தாராம்.
வயிறு கீறியிருந்தது.
கீறல் நல்ல பக்கமாக ஏறியிருந்தது.

மீனுக்கு இரண்டு பக்கம்:
ஒன்று பார்க்க வருகிறவர்களுக்கு, மற்றது சுவருக்கு.
தையல் எல்லாம் சுவருக்கு.
ஆகவே புரட்டிப் போட்டேன்.
இனி அவருடைய மண்டபத்தில் அது
வாசலை நோக்கிப் பாயாது,
குளியலறைப் பக்கம்தான் நீந்தும்.
இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

நிஸ்தார் ஐஸ் கொத்தினான்.
அலகு நுனியிலிருந்து வால் கவடுவரை
ஏழு அடி இரண்டு அங்குலம்.
நூலால் சுற்றளவு, மூன்று இடத்தில்.
பழுப்புத் தாளில் கிடத்தி ஓரம் வரைந்தேன்,
சட்டைக்குத் துணி வெட்டுகிறவள்போல.
பிறகு கத்தி.
தோலை இழுக்கக் கூடாது.
கரண்டியால், அவசரமில்லாமல்,
சதையைத்தான் விலகச் சொல்ல வேண்டும்.
கன்னத்துச் சதை, கண்குழிக்குப் பின்னால் கொழுப்பு,
அங்கே ஒரு சுண்டுவிரல் அளவு விட்டாலும்
ஆறு மாதத்தில் விருந்தாளிகள் மூக்கைப் பிடிப்பார்கள்.
வெண்காரம் பூசினோம். நகக்கண் எரிந்தது.
மதிலில் காகங்கள்,
கச்சேரியில் நம்பர் எடுத்துக் காத்திருப்பவைபோல.

சங்கடம் நிறத்தில்.
செத்த தளபத்து வெறும் தகரம்.
தகரத்தை மாட்டவா இவ்வளவு காசு?
'ஏறும்போது என்ன நிறம்?' கேட்டேன்.
'நீலம்.'
மறுநாள் அவரே எடுத்து, 'பச்சையும் இருந்தது மிஸ்.'
வெள்ளிக்கிழமை,
'நீங்களே பார்த்து நல்லதாப் போடுங்களேன்.'

ஐஸ் பெட்டியைத் திருப்பி எடுக்க
படகுக்காரன் சுனிமல் வந்தான்.
அவனிடமும் கேட்டேன்.
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னான்:
'ஐயா எங்க பார்த்தார்? ஐயாவுக்குச் சத்தி.
தலையை மற்றப் பக்கம் போட்டுக் கிடந்தார்.
தூண்டில் என்ட கையில.'

மேசையைச் சுற்றி நடந்தான்.
'வெல்டிங் அடிக்கிற மாதிரி எரிஞ்சது.
நெடுக்குக் கோடுகள், பதினேழு, நான் எண்ணினன்.
பொல்லு தூக்கின கை ஒருக்கா நின்றுது.'
பிறகு?
'பிறகு அடிச்சன்.
வாலிலயிருந்து ஒவ்வொண்டா அணைஞ்சுது.'

மூன்று பின்னேரம் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றான்.
நான் பூச, அவன் 'இன்னும்' என்பான்.
இன்னும்.
நான்காவது தரம், 'இல்லை மிஸ்,
இது மேல இருக்கு. அது உள்ளயிருந்து வந்தது.'
குப்பிகளைப் பார்த்தேன்.
முத்துத்தூள் இருந்தது, ஊதா இருந்தது.
'இவ்வளவுதான்' என்றேன்.
அவன் ஒத்துக்கொள்ளவில்லை,
தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

பித்தளைத் தகட்டோடு வந்தார் கொர்னேலியஸ்.
அவர் பெயர், திகதி, நிறை.
மூன்றடி தள்ளி நின்று பார்த்தார்,
கண் கலங்கிவிட்டது பாவம்.
'இதேதான் மிஸ்! நான் சொன்ன அதே நிறம்!'

தூக்க ஆள் போதாமல் சுனிமலையும் கூப்பிட்டோம்.
வார்னிஷ் காயாத ஓரிடத்தில்
அவன் பெருவிரல் பதிந்தது.
சுவருக்குத் திரும்பும் பக்கம்.
துடைக்கத் துணியை எடுத்தவள்
அதால் என் கையைத் துடைத்தேன்.

படலை வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.
'அதின்ட இறைச்சி?'

செவ்வாய்க்கிழமை, என்றேன்.
நிஸ்தாரின் உம்மா கொறுக்காய் போட்டு,
இந்த ஒழுங்கையில் பன்னிரண்டு வீடு.
கொஞ்சம் நார்ப்பிடி.
தளபத்து அப்படித்தான்.